ஏசிய ஆஃப் பண்ணிட்டு ஓட்டுங்கன்னு சொல்றது ஒரு பதிலா?

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு
பொருள்: ஏசி கோளாறு, கோடையில மைலேஜ் இழப்பு, சர்வீஸ் சென்டர்ல சொன்ன தப்பான யோசனைகள்

வணக்கம் சார்,

உங்க கம்பெனி கார் வாங்கி எனக்கு இது ரெண்டாவது கோடை. வெயில் ஆரம்பிச்சதுலேர்ந்து மைலேஜ் ரொம்ப அடிவாங்குதுன்னு போன மாசம் உங்க கஸ்டமர் கேருக்கு போன் போட்டேன், இருபது நிமிஷம் லைன்ல நிக்க வச்சு கடைசில கெடச்ச பதில் "ஏசிய ஆஃப் பண்ணிட்டு கண்ணாடிய இறக்கி ஓட்டிப் பாருங்க சார்". வந்த கோவத்துல அன்னிக்கே எழுதியிருப்பேன், ஆனா கையில கணக்கு இல்லாம எழுதினா மதிக்க மாட்டீங்கன்னு ஒரு மாசமா ஒவ்வொரு தடவையும் டேங்க் ஃபுல் பண்ணி கிலோமீட்டர நோட்டுல குறிச்சு வச்சுட்டு இப்ப எழுதறேன்.

ஏசி தேவைப்படாத மாசத்துல லிட்டருக்கு 17 குடுத்த வண்டி இப்ப 12 தான் குடுக்குது. ஏசி போட்டா குறையும்னு எனக்கும் தெரியும், ஏசி கேஸ அமுக்கற கம்ப்ரசர் இன்ஜின் பெல்ட்டுல தான சுத்துது, சும்மா சுத்துமா. கடும் வெயில்ல, அதுவும் பக்கத்துல பக்கத்துல போற சின்ன ட்ரிப்புல, மைலேஜ் கால் பங்குக்கு மேல கூட இறங்கலாம்னு அமெரிக்க எரிசக்தித் துறையே சொல்லுது. அதனால குறைஞ்சதே தப்புன்னு நான் சண்டைக்கு வரல. ஏசி ஃபுல்லா ஓடியும் உள்ள கூலாகலங்கறது தான் என் புகார். பெட்ரோலும் போகுது, வேர்வையும் நிக்கல, பின் சீட்டுல வயசான எங்கம்மா துண்ட நனைச்சு கழுத்துல போட்டுட்டு வர்றாங்க.

உங்க சர்வீஸ் சென்டருக்கு மூணு தடவ போனேன். மூணு தடவையும் "கேஸ் கம்மியா இருக்கு"ன்னு டாப் அப் பண்ணி அனுப்பிட்டாங்க. ஏசி கேஸ் என்ன பெட்ரோலா ஓட ஓட தீர்ந்து போறதுக்கு? அது மூடுன சிஸ்டம், இவ்வளவு சீக்கிரம் குறையுதுன்னா எங்கயோ லீக் இருக்கணும், அத தேடாம மேல மேல ஏத்தினா என்ன அர்த்தம். பானெட்டுக்குள்ள ஒட்டியிருக்கற ஸ்டிக்கர்ல எந்த கேஸ், எத்தன கிராம்னு நீங்களே அச்சடிச்சிருக்கீங்க, உங்க ஆளு ஒரு தடவ கூட எடை பாக்கல. அளவுக்கு மேல ஏறினா பிரஷர் கூடி கம்ப்ரசர் இன்னும் மூச்சு வாங்கும், மைலேஜ் இன்னும் போகும். அது காத்துல கலந்தாலும் கொஞ்ச நஞ்ச கேடு இல்ல, கார் ஏசில போடற ஆர்134ஏ கேஸ் பூமிய சூடாக்கறது கார்பன் டை ஆக்சைட விட ஆயிரம் மடங்குக்கும் மேல.

கடைசில வெளிய ஒரு மெக்கானிக் கிட்ட காட்டினேன். அவர் இன்ஜின் சுடுதண்ணி ஹீட்டருக்கு போற ஹோஸ கிளாம்ப் போட்டு அமுக்கிப் பிடிச்சாரு, அவ்வளவு தான், கொஞ்ச நேரத்துல ஜில்லுன்னு காத்து வந்துச்சு. டாஷ்போர்டுக்குள்ள ஹீட்டர் சூட்ட அடைக்கற சின்னக் கதவு, அதான் டெம்பரேச்சர் ஃபிளாப், முழுசா மூடல, ஏசி குளிர வைக்கற காத்துல ஹீட்டர் சூடும் சேர்ந்தே கலந்துட்டு இருந்திருக்கு, அதனால தான் கம்ப்ரசர் நிக்காம ஓடியிருக்கு. ஹோஸ்ல அந்த கிளாம்ப் அப்படியே இருக்கட்டும்னு விட்டு ஓட்டினதுல அடுத்த டேங்க் 15 குடுத்துச்சு. கேஸ் மட்டும் தான் பிரச்சனைன்னு உங்காளுங்க மூணு தடவ எழுதின ஜாப் கார்டு மூணும் என்கிட்ட இருக்கு, காப்பி இணைச்சிருக்கேன்.

அப்புறம் அந்த யோசனைகள். கண்ணாடிய இறக்கறது ஊருக்குள்ள மெதுவா போறப்ப சரி. ஹைவேல அது செல்லாது, வேகம் ரெண்டு மடங்கானா காத்தோட தடை நாலு மடங்காகும், அதுல கண்ணாடியும் திறந்திருந்தா காத்து உள்ள புகுந்து வண்டிய பிடிச்சு இழுக்கும், அங்க கண்ணாடிய மூடி ஏசி போடறது தான் புத்தி. எந்த வேகத்துல மாத்தணும்னு வண்டிக்கு வண்டி மாறும், அத டெஸ்ட் பண்ணி சொல்ற வசதி உங்ககிட்ட தான இருக்கு, ஒரே ஒரு வரி மேனுவல்ல போடக்கூடாதா? உங்க சர்வீஸ் அட்வைசர் இன்னொன்னு சொன்னாரு, கிளம்பறதுக்கு பத்து நிமிஷம் முன்னாடி ஸ்டார்ட் பண்ணி ஏசி போட்டு வைங்கன்னு. நிக்கற வண்டில கம்ப்ரசரும் மெதுவா சுத்தும், ஏசி சூட்ட வெளிய தள்ளற முன்பக்க கண்டென்சருக்கு எதிர்காத்தும் கிடையாது, ஒரு அடி நகராம பெட்ரோல் மட்டும் எரியும்.

வெளிய 35 டிகிரின்னா வெயில்ல மூடி நின்ன வண்டிக்குள்ள ஒரு மணி நேரத்துல 50 டிகிரி தாண்டிடும். அந்த சூட்ட ஏசி தலைல கட்டறதுக்கு முன்னாடி கதவு ரெண்டு பக்கமும் திறந்து விடுங்க, ஒரு நிமிஷம் கண்ணாடி இறக்கி ஓட்டி அனல வெளிய தள்ளுங்க, அப்புறம் மூடி, உள்காத்தயே திரும்பக் குளிர வைக்கற ரீசர்குலேஷன் போடுங்கன்னு உங்க ஆளுங்க ஒருத்தரும் எனக்கு சொல்லல, நானே பட்டு தெரிஞ்சுகிட்டேன். ஆனா உங்க வண்டில அந்த ரீசர்குலேஷன் பட்டன் ஒவ்வொரு தடவ ஸ்டார்ட் பண்றப்பவும் தானா வெளிக்காத்துக்கு மாறிடுது, குளிர்ந்த காத்த விட்டுட்டு வெளில இருக்கற அனல இழுத்து மறுபடி முதல்லேர்ந்து குளிர வைக்குது. ரொம்ப நேரம் மூடியே ஓட்டினா உள்ள காத்து கெட்டு தூக்கம் வரும், கண்ணாடில ஆவி படியும், அதுக்காக தான் மாத்தறீங்கன்னா புரியுது. ஆனா ரெண்டு நிமிஷம் கடையில நிறுத்திட்டு வந்தா கூடவா?

எனக்கு வேணும்ங்கறது இது தான். ஃபிளாப்ப வாரண்டில மாத்திக் குடுங்க, லீக் டெஸ்ட் பண்ணி கேஸ முழுசா எடுத்துட்டு எடை போட்டு சரியான கிராம் ஏத்துங்க, தேவையில்லாத மூணு டாப் அப்புக்கு வாங்கின காச திருப்பிக் குடுங்க. விளம்பரத்துல போடற மைலேஜ் பக்கத்துல ஏசி ஆன்ல எவ்வளவுன்னும் போடுங்க. ஐரோப்பால டபிள்யூஎல்டிபிங்கற மைலேஜ் டெஸ்ட ஏசி ஆஃப்ல 23 டிகிரில எடுக்கறாங்க, அமெரிக்கால ஏசி ஓட விட்டு 35 டிகிரிலயும் ஒரு டெஸ்ட் இருக்கு, அதனால முடியாதுன்னு சொல்லாதீங்க.

பதினஞ்சு நாளுக்குள்ள எழுத்துல பதில் வேணும், போன்ல வேண்டாம். வண்டிய எந்த நாள் காலையில கொண்டு வரணும்னு சொல்லுங்க, கொண்டு வந்து விடறேன், ஃபிளாப் கழட்டறப்ப நானும் பக்கத்துல நின்னு பாக்கணும்.

இப்படிக்கு,
உங்க வாடிக்கையாளர்