பிரேக்கை முதலில் பார்

அன்பு மகளுக்கு,

"வண்டி ஸ்டார்ட் ஆயிடுச்சுப்பா, இனிமே தினமும் இதுலதான் ஆபீஸ் போகப்போறேன்" என்று, இத்தனை வருஷம் சும்மா நின்ற நம் பழைய காரைப் பற்றி அனுப்பியிருந்தாய். சந்தோஷம். கூப்பிட்டால் எடுக்கவில்லை, மீட்டிங் என்று பதில் வந்தது. ஞாயிற்றுக்கிழமையுமா மீட்டிங் என்று அம்மா கேட்கிறாள். நான் கேட்கவில்லை. போனில் சொன்னால் பாதி காதில் விழாது, அதனால்தான் எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

வண்டி ஸ்டார்ட் ஆவதெல்லாம் பெரிய விஷயமே இல்லை அம்மா. பேட்டரி புதுசாக இருந்தால் பாதிப் பழைய வண்டிகள் கிளம்பிவிடும். நிற்குமா என்பதுதான் கேள்வி. அதற்குள் ரோட்டுக்கு எடுத்துவிட்டாயா? எடுத்திருந்தால் எனக்குச் சொல்ல வேண்டாம், இனிமேல் எடுக்காதே, அது போதும்.

பிரேக்கை முதலில் பார். பிரேக் ஆயில் காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சும்மா நிறுத்தி வைத்த வண்டியிலும் அது கெடும். டாட் 4 என்கிற வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரிக்குக் குறைந்து கொதிக்கக் கூடாது. ஈரம் ஏறிவிட்டால் 155 டிகிரி தாங்கினாலே அதிகம். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் ஆயில் கொதித்து ஆவியாகும், பெடல் பஞ்சை மிதித்ததுபோல் உள்ளே போகும். பெரியப்பாவுக்கு என்ன ஆயிற்று என்று உனக்கே தெரியும். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்வார்கள், நம் வண்டியில் அது எப்போதோ தாண்டிவிட்டது. உள்ளே இருப்பது கருப்புக் காப்பி நிறத்தில்தான் இருக்கும். முழுவதும் எடுத்துவிட்டு, புதிது ஊற்றி, நாலு சக்கரத்து பிரேக் குழாயிலும் காற்று எடுக்கச் சொல். மேலே கொஞ்சம் ஊற்றி நிரப்பிவிட்டு "மாத்திட்டோம்" என்பார்கள். பக்கத்தில் நின்று பார்.

பின்சக்கர டிரம்மைக் கழற்றச் சொல். வீல் சிலிண்டரின் இரண்டு முனையிலும் ரப்பர் மூடி இருக்கும். அதன் விளிம்பை நகத்தால் தூக்கிப் பார்த்தால் உள்ளே உலர்ந்திருக்க வேண்டும். ஈரம் தெரிந்தால் சிலிண்டரை மாற்று. ஒழுகிய ஆயில் பிரேக் ஷூவில் பட்டிருந்தால் ஷூவும் போச்சு, துடைத்துப் போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே. முன்சக்கரத்து ரப்பர் ஹோஸை மடக்கிப் பார், கோடு கோடாக வெடித்திருந்தால் அதுவும் புதிது. ஹேண்ட் பிரேக் இறுகி ஒட்டிக்கொண்டிருக்காது. நான் அதை இழுக்காமல், கியரில் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்துத்தான் நிறுத்தியிருந்தேன். உன் தம்பி கட்டையை எடுத்த கையோடு வண்டியை லாரியில் ஏற்றிவிட்டானாம். எந்த வீட்டு வாசலில் இறக்கினாய் என்று கேட்டேன். "அக்காகிட்டயே கேளுங்க" என்கிறான்.

டயர் நன்றாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். பட்டனை, அதாவது டயரின் மேல்பக்கத்து மேடுகளைப் பார்த்துச் சொல்கிறாய். அந்த வண்டி அதிகம் ஓடவே இல்லை, பட்டன் எங்கே தேயும்? ரப்பருக்கு வயசாகிறது அம்மா. டயரின் பக்கச் சுவரில் DOT என்று ஆங்கிலத்தில் தொடங்கும் எழுத்து வரிசையின் கடைசியில் நாலு எண் இருக்கும். 3412 என்றால் 2012ஆம் வருஷத்தின் 34ஆவது வாரத்தில் செய்தது. பத்து வருஷம் தாண்டியிருந்தால் பட்டன் எவ்வளவு இருந்தாலும் கழற்றிவிடு. ஸ்டெப்னியையும் பார், அதை எல்லோரும் மறந்துவிடுவார்கள். ஐந்து டயரின் எண்ணையும் எழுதி அனுப்பு. போட்டோ எடுத்து அனுப்பினாலும் சரி.

ஸ்டியரிங் பிடிக்கிற உயரம் வராத வயசில் ஜாக்கி போட்டுச் சக்கரம் கழற்றியவள் நீ. தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. அதனால் நீயே வண்டிக்கு அடியில் போவாய் என்று எனக்குத் தெரியும். போ, ஆனால் வெறும் ஜாக்கியை நம்பிப் போகாதே. ஸ்டாண்டு வைத்து, வண்டியை ஆட்டிப் பார்த்துவிட்டுப் போ. பக்கத்தில் ஒரு ஆள் இருக்க வேண்டும். மாப்பிள்ளையை நிற்கச் சொல். ஊரில் இல்லையென்றால் வேறு யாராவது.

இன்ஜின் விஷயம் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டேங்கில் இருக்கிற பழைய பெட்ரோலை வடித்துவிடு. புதிதைக் கலந்து ஓட்டித் தீர்த்துவிடலாம் என்று நினைக்காதே. பெட்ரோல் டியூபை விரலால் அழுத்திப் பார், விறைத்திருந்தால் மாற்று, தீப்பிடிக்கிற விஷயம். இன்ஜின் ஆயில், ஃபில்டர், கூலன்ட், மூன்றும் புதிது. நம் வண்டிக்கு டைமிங் பெல்ட்தான், செயின் இல்லை. பார்க்க நன்றாக இருக்கிறது என்று விடாதே, அறுந்தால் வால்வு பிஸ்டனில் அடித்து இன்ஜினே போய்விடும். பெல்ட் மாற்றும்போதே அதை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனரையும் வாட்டர் பம்பையும் மாற்றிவிடு, பிரிக்கிற கூலி ஒன்றுதான். எலி ஒயரைக் கடித்திருக்கும், ஃபியூஸ் பாக்ஸ் பக்கம் பார். வண்டி ஓடும்போது பேட்டரியில் 14 வோல்ட் பக்கம் வர வேண்டும், பன்னிரண்டரையிலேயே நின்றால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் பண்ணவில்லை. நீ ஆபீஸ் முடிந்து இருட்டில் வருகிறவள். வழியில் ஹெட்லைட் மங்கினால் யாரைக் கூப்பிடுவாய்? என்னைக் கூப்பிடு. எந்த நேரமானாலும்.

இன்னொன்று. இத்தனை வருஷம் நீங்கள் ஓட்டிய பெரிய வண்டியில், பிரேக் அழுத்தும்போது சக்கரம் இறுகாமல் பார்த்துக்கொள்கிற ஏபிஎஸ் இருந்தது. இதில் கிடையாது. மழையில் அவசரமாக அழுத்தினால் சக்கரம் இறுகிவிடும், ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி நேரேதான் போகும். பெடலைக் கொஞ்சம் தளர்த்தினால்தான் திரும்பும். ஈரமான காலி இடத்தில் மெதுவாகப் பழகிப் பார். ஏர்பேகும் இதில் இல்லை. முன்னால் போகிற வண்டிக்கு நீ வழக்கமாக விடுகிற இடைவெளி போதாது. அந்தப் பெரிய வண்டி சர்வீசுக்குப் போயிருக்கிறது போல. நான் கேட்கவில்லை.

பாப்பாவையும் இதில்தான் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போவாயா? அதைச் சொல்லவே இல்லையே. அவளுடைய சீட்டை மாட்டுகிற கொக்கி இந்த வண்டியில் கிடையாது, சீட் பெல்ட்டில்தான் கட்ட வேண்டும். நடு சீட்டில் வைக்காதே, அங்கே இடுப்பு பெல்ட் மட்டும்தான். ஓரத்தில் வை. அந்த பெல்ட்டை முழு நீளத்துக்கும் வெளியே இழுத்து, விளிம்பில் நூல் பிரிந்திருக்கிறதா என்று விரலை ஓட்டிப் பார். பிறகு சடாரென்று இழு, அந்த இடத்திலேயே பிடிக்க வேண்டும். விட்டால் தானாகச் சுருண்டு உள்ளே போக வேண்டும். இரண்டில் ஒன்று நடக்கவில்லை என்றாலும் பெல்ட்டை மாற்று. கட்டிய பிறகு சீட்டைப் பிடித்து உலுக்கிப் பார், அசையக் கூடாது. மாற்றுகிற வரைக்கும் அவளை அதில் ஏற்றாதே. ஆட்டோவில் அனுப்பு, நான் பணம் போடுகிறேன்.

பணம் என்றால் உனக்குக் கோபம் வரும். கார் செலவுக்குத்தான் சொல்கிறேன். பிரேக், டயர், பெல்ட் எல்லாம் சேர்ந்தால் வண்டியின் விலையைத் தாண்டும், இதற்குப் போய் இவ்வளவா என்று யாராவது சொல்லத்தான் செய்வார்கள். சொல்லட்டும். உனக்கென்று ஒரு வண்டி வேண்டும் என்று தோன்றியிருக்கிறது, காரணம் இல்லாமல் தோன்றாது. ஆர்.சி. என் பேரில்தான் இன்னும் இருக்கிறது. அதை உன் பேருக்கு மாற்றிவிடலாம். இன்ஷூரன்ஸும் உன் பேரிலேயே போடு. உன் பேர் மட்டும் போதும்.

அம்மா இதைப் படித்துவிட்டு, "கேட்க வேண்டியதைத் தவிர எல்லாத்தையும் எழுதியிருக்கீங்க" என்றாள். அவள் கிடக்கிறாள். உன் ரூம் பூட்டித்தான் இருக்கிறது, சாவி பழைய இடத்தில்தான். சனிக்கிழமை நான் வருகிறேன், டிரம்மைச் சேர்ந்தே கழற்றுவோம். எந்த முகவரிக்கு வர வேண்டும் என்று மட்டும் எழுது.

அப்பா

பி.கு: பெரிய ஸ்பேனர் செட்டை நான் கொண்டுவருகிறேன், வாங்காதே. வருகிறவரை வண்டியை எடுக்காதே. பிரேக் பார்க்காமல் எடுக்கவே எடுக்காதே.