மரண அறிவித்தலில் அடங்காத அம்மப்பா

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற மாதம் உங்கள் பத்திரிகையின் மரண அறிவித்தல் பக்கத்தில் எங்கள் அம்மப்பாவின் படம் வந்திருந்தது. பிறந்த ஊர், வாழ்ந்த ஊர், பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் பெயர்கள். அந்தக் கட்டத்துக்குள் அவ்வளவுதான் கொள்ளும். 101 வருடம் வாழ்ந்த மனிசனைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லாவிட்டால் எனக்கு மனம் ஆறாது.

அவர் இரண்டாம் உலகப் போரில் சிப்பாயாக இருந்தவர். 1942 ஏப்ரல் 9 காலை ஜப்பான் விமானங்கள் திருகோணமலையில் குண்டு போட்டபோது அங்கே பீரங்கிப் பிரிவில் நின்றார். வயது 19. சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கி நாள்கணக்காக எரிந்ததைச் சொல்லுவார். அதற்குமேல் கேட்டால், "அதை விடு பிள்ளை, சாப்பிட்டியே?" என்று பேச்சை மாற்றிவிடுவார். பிறகு கிளிநொச்சியில் குடியேற்றத் திட்டக் காணி கிடைத்தது. காடு வெட்டி, இரணைமடுத் தண்ணியில் வயல் செய்து, ஐந்து பிள்ளைகளை ஆளாக்கினார்.

பட்டாளத்தில் பழகிய ஒன்றை மட்டும் கடைசிவரை விடவில்லை. பொழுதுபட்டால் ஆள் எண்ணுவார். விளக்கு வைத்ததும் முற்றத்தில் நின்று ஒவ்வொரு தலையாகப் பார்ப்பார். யாராவது குறைந்தால் அவர் வரும்வரை படலையடியில்தான் நிற்பார். 1996இல் இடம்பெயர்ந்து ஸ்கந்தபுரத்தில் மரத்தடியில் கிடந்தபோதும் எண்ணினார்.

2009 ஜனவரியில் விசுவமடுவிலிருந்து வெளிக்கிட்டபோது சைக்கிள் கரியரில் அவருடைய றங்குப்பெட்டி கட்டியிருந்தது. பட்டாளத்துப் படங்கள், பதக்கங்கள், விடுகைப் பத்திரம் எல்லாம் அதற்குள்தான். அம்மம்மாவால் ஒரு அடிகூட நடக்க ஏலாது. அம்மப்பா ஒன்றும் பேசவில்லை. கயிற்றை அவிழ்த்துப் பெட்டியை வேலியோரம் இறக்கினார். சாக்கை நாலாக மடித்துக் கரியரில் போட்டு அம்மம்மாவை இருத்தினார். 85 வயதுக்கு மேல், அந்தச் சைக்கிளை மாத்தளன்வரை உருட்டினார். பெட்டி இருந்த பக்கம் திரும்பிப் பார்த்ததை நான் காணவில்லை.

செட்டிகுளம் முகாமில் தறப்பாள் கொட்டிலுக்கு முன்னால் நின்று மறுபடி எண்ணினார். சின்ன மாமா இல்லை. ஒன்பதோடு நிறுத்தவில்லை. "பத்து" என்று வாய்க்குள் சொன்னது எனக்குக் கேட்டது.

ஊருக்குத் திரும்பிய பிறகு அம்மம்மா ஐந்து வருடம் கட்டிலோடு இருந்தார். தலைக்கு எண்ணெய் தடவி, சிக்கெடுத்து, கொண்டை முடிந்துவிடுவது அம்மப்பாதான். எங்களைத் தொட விடமாட்டார். "உங்களுக்குப் பதம் தெரியாது" என்பார்.

பதக்கம் போனால் போகட்டும். ஆனால் அந்த வயதில் அவர் எப்படி இருந்தார் என்று பார்க்க எங்களிடம் ஒரு படமும் இல்லை. 1942இல் திருகோணமலையில் பட்டாளத்தில் நின்றவர்களின் குடும்பங்கள் வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் இன்னும் இருக்கக்கூடும். பழைய அல்பத்தில், பீரங்கிக்குப் பக்கத்தில் பெடியன்கள் கூட்டமாக நிற்கிற படம் யாரிடமாவது இருந்தால், தயவுசெய்து உங்கள் பத்திரிகைக்கு ஒரு பிரதி அனுப்பச் சொல்லுங்கள். இடது புருவத்துக்கு மேலே வெட்டுத் தழும்பு உள்ளவர் எங்கள் அம்மப்பா.

இப்படிக்கு,
பேத்தி,
கிளிநொச்சி