வியாழன் இரவு நாய்ப் பந்தயம்

பினாங்கு,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

அம்மாவும் நானும் நலம். வேலையிடத்து நண்பர்களோடு மெல்பர்ன் சாண்டவுன் பார்க்கில் நாய்ப் பந்தயம் பார்க்கப் போனதையும், பந்தயப் புத்தகத்தைப் புரட்டியும் ஒன்றும் விளங்கவில்லை என்பதையும் எழுதியிருந்தாய். மறுபடி இந்த வியாழன் போகிறீர்களாம். "அப்பாவுக்குத்தான் இதெல்லாம் தெரியுமே" என்று ஒரு குத்தல் வேறு. தெரியும்தான். பத்து கந்தோங் குதிரைத் திடலில் வார இறுதிகளில் டோட் என்கிற பந்தயப் பணம் கட்டும் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து டிக்கெட் கொடுத்தவனிடம்தான் கேட்கிறாய். நாய்ப் பந்தயம் நம் நாட்டில் கிடையாது. ஆனால் பணம் போகிற வழி குதிரைக்கும் நாய்க்கும் ஒன்றுதான், அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

டோட்டில் எல்லாரும் கட்டும் பணம் ஒன்றாகச் சேரும். நடத்துகிறவர்கள் தங்கள் பங்கையும் வரியையும் முதலில் எடுத்துவிடுவார்கள். மிச்சத்தைத்தான் ஜெயித்தவர்கள் பிரித்துக்கொள்வார்கள். ஓர் ஓட்டத்துக்கு 1,000 டாலர் சேர்ந்தது, அதில் 15 விழுக்காடு பிடித்தார்கள் என்று வை. மிச்சம் 850. ஜெயித்த நாயின் மேல் மொத்தம் 170 டாலர் விழுந்திருந்தால் ஒரு டாலருக்கு ஐந்து டாலர் கிடைக்கும். அதே நாயின் மேல் 425 விழுந்திருந்தால் இரண்டு டாலர்தான். பக்கத்தில் நிற்கிறவன் தோற்ற காசுதான் உன் கைக்கு வருகிறது, அதுவும் முழுசாக வராது.

கைப்பேசியில் கட்டுவது வேறு கணக்கு. அங்கே புக்கி, அதாவது பந்தயம் வாங்குகிறவன், ஒரு டாலருக்கு எவ்வளவு தருவான் என்று முன்கூட்டியே விலை சொல்லிவிடுவான், நீ கட்டிய விலை உனக்கு நிலைக்கும். கேட்க நல்லாத்தான் இருக்கும். எட்டு நாயும் சமபலம் என்றால் ஒவ்வொன்றுக்கும் ஒரு டாலருக்கு எட்டு டாலர் கொடுப்பதுதான் நியாயம். அவன் ஆறரை என்று எழுதியிருப்பான். அந்த ஒன்றரை டாலர்தான் அவன் பிழைப்பு. நீயே போட்டுப் பார்: நூறை ஒவ்வொரு நாயின் விலையாலும் வகுத்து எட்டையும் கூட்டு. நூறுக்கு மேல் எவ்வளவு வருகிறதோ அவ்வளவு தூரம் நீ பின்னால் நின்று ஓடத் தொடங்குகிறாய். இதைப் பார்க்காமல் நாயின் பெயர் அழகாக இருக்கிறது என்று கட்டுகிறவர்களை எத்தனையோ பேர் பார்த்திருக்கிறேன்.

எதைக் கட்டுவது என்று கேட்டாய். கட்டியே ஆக வேண்டுமென்றால் வின், அதாவது உன் நாய் முதலாவதாக வரவேண்டும். இல்லாவிட்டால் பிளேஸ், முன்னணி இடங்களில் ஒன்றில் வந்தால் போதும். எட்டு நாய் ஓடினால் முதல் மூன்று இடத்துக்கும் பிளேஸ் பணம் உண்டு. ஏழாகக் குறைந்துவிட்டால் இரண்டு இடத்துக்குத்தான், ஆகவே எந்த நாய் விலகியது என்று பார்த்துவிட்டுக் கட்டு. ஒன்றுக்கு மேற்பட்ட நாய்களைச் சேர்த்துச் சொல்லும் குவினெல்லா, எக்ஸாக்டா, ட்ரைஃபெக்டா பக்கம் போகாதே. முதல் மூன்றையும் வரிசை மாறாமல் சொல்வதுதான் ட்ரைஃபெக்டா. எட்டு நாயில் அதற்கு 336 வழி இருக்கிறது. நாலு நாயை எடுத்து எந்த வரிசையில் வந்தாலும் சரி என்று கட்டினாலும் 24 பந்தயம் கட்டியதாகத்தான் கணக்கு. நம் ஊரில் நாலு நம்பர் லாட்டரி எடுக்கிறவர்களின் ஆசையும் இதே ஆசைதான்.

சரி, நாய்க்கு வருவோம். குதிரையில் ஜாக்கி இருப்பான், பிடித்து நிறுத்துவான், இடம் பார்த்து விடுவான். நாய்க்கு மேல் யாரும் இல்லை. கதவு திறந்ததும் முயல் பொம்மையை நோக்கி எட்டும் ஒரே வளைவுக்குள் பாயும். சாண்டவுனில் 515 மீட்டர் ஓட்டம் ஏறக்குறைய அரை நிமிடத்தில் முடிந்துவிடும். அதில் பாதிக் கதை முதல் வளைவிலேயே முடிந்துபோகும். முன்னால் போன நாய்க்கு வழி கிடைக்கும், பின்னால் வருகிறவை ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும். அதனால் கடைசி ஓட்டத்தில் எத்தனையாவது வந்தது என்பதை விட்டுவிட்டு, தொடக்கத் தூரத்தை எவ்வளவு நேரத்தில் கடந்தது என்று பார். புத்தகத்தில் அதற்குத் தனி எண் இருக்கும். ஆறாவதாக வந்த நாய் வளைவில் இடிபட்டு வந்ததா, சும்மாவே பின்தங்கியதா என்பதைப் பழைய ஓட்டத்தின் காணொளி சொல்லிவிடும்.

அடுத்தது பெட்டி எண். சிவப்புச் சட்டை ஒன்றாம் பெட்டி, உள் ஓரம். கறுப்பு வெள்ளைக் கோடு இரண்டு, வெள்ளை மூன்று, நீலம் நாலு, மஞ்சள் ஐந்து, பச்சை ஆறு, கறுப்பு ஏழு, இளஞ்சிவப்பு எட்டு. சில நாய்கள் உள் ஓரத்தை ஒட்டியே ஓடும், சில அகலமாக ஓடும். உள்ளே ஓடும் நாய்க்கு ஏழாம் பெட்டி விழுந்தால் எல்லாரையும் குறுக்கே வெட்டிக்கொண்டு வரவேண்டும், அதில்தான் மோதல். பக்கத்துப் பெட்டி காலியாக இருந்தால் அந்த நாய்க்கு லாபம். எந்தத் தரத்தில் ஓடுகிறது என்பதையும் பார். ஜெயிக்க ஜெயிக்க மேல் தரத்துக்கு ஏற்றிவிடுவார்கள், அங்கே அதே நாய் சாதாரண நாய் ஆகிவிடும்.

இவ்வளவும் தெரிந்த பிறகும் புக்கியின் பங்கை மீறிச் சம்பாதிக்கிறவர்கள் மிகக் குறைவு. இதை உன்னை மிரட்டச் சொல்லவில்லை, கவுண்டருக்கு உள்ளே இருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

எனக்கு உண்மையில் உறுத்துவது வேறொன்று. குதிரைத் திடலில் ஓர் ஓட்டத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவில் அரை மணி நேரம் கிடைக்கும். அதற்குள் ஒரு தேத்தண்ணி குடிப்பார்கள், சூடு கொஞ்சம் தணியும், சிலர் மனைவி ஞாபகம் வந்து வீட்டுக்கே போய்விடுவார்கள். நாய்ப் பந்தயத்தைக் கைப்பேசியில் பந்தயம் கட்டும் செயலியில் பார்த்தால் ஓர் ஊரில் முடிவதற்குள் இன்னோர் ஊரில் பெட்டிக் கதவு திறக்கிறது. சில நிமிடத்துக்கு ஒன்று, காலையிலிருந்து நள்ளிரவு வரை. தோற்ற காசை உடனே பிடித்துவிடலாம் என்று தோன்றும். நாயைவிட இந்த வேகம்தான் ஆபத்து. திடலுக்குப் போ, நண்பர்களோடு சாப்பிடு, இருபது டாலரைத் தனியாகச் சட்டைப்பையில் வை. செயலியை மட்டும் இறக்காதே. ஏற்கெனவே இறக்கியிருந்தால், அங்கே பெட்ஸ்டாப் என்று அரசாங்கப் பதிவேடு 2023-லிருந்து இருக்கிறது. அதில் பெயர் கொடுத்தால் உரிமம் பெற்ற எந்த இணையப் புக்கியும் உன்னிடம் பந்தயம் வாங்கக் கூடாது. கேட்க வெட்கப்படாதே.

லீவில் இங்கே வரும்போது ஃபோனில் பந்தயம் கட்டும் வேலையே வேண்டாம். நம் ஊரில் 1953-ஆம் ஆண்டுப் பந்தயச் சட்டம் இன்னும் இருக்கிறது. உரிமம் இல்லாத புக்கியிடம் கட்டுவதும் குற்றம்தான். கடன் வாங்கிக் கட்டி, கந்துவட்டிக்கார ஆலோங்கிடம் மாட்டிய குடும்பங்களை உனக்கே தெரியும்.

அம்மா ஒரே கேள்விதான் கேட்டாள்: "அந்த நாயை எப்படி ஓடப் பழக்குகிறார்கள்?" நல்ல கேள்வி. 2015-ல் ஆஸ்திரேலியாவில் சில பயிற்சியாளர்கள் உயிருள்ள பிராணிகளைக் கட்டிவிட்டு நாய்களைப் பழக்கியது தொலைக்காட்சியில் வந்து பெரிய அமளி ஆனது. மறு ஆண்டு நியூ சவுத் வேல்ஸ் அரசு பந்தயத்தையே தடை செய்வதாக அறிவித்து, சில மாதத்தில் பின்வாங்கியது. மக்காவ் திடல் 2018-ல் மூடியது. நியூசிலாந்தும் நிறுத்தப்போவதாக 2024 டிசம்பரில் சொல்லிவிட்டது. வளைவில் கால் உடையும் நாய்களின் கதைதான் பல இடங்களில் இதற்குக் காரணம். நீ போவதா வேண்டாமா என்பது உன் முடிவு. ஓட்டத்திலிருந்து ஓய்ந்த நாய்களைத் தத்துக் கொடுக்கும் ஏற்பாடு அங்கே இருக்கிறது, அம்மாவுக்கு அதுதான் பிடித்தது.

1864-ல் தொடங்கிய நம் திடலே 2025 மே மாதத்தோடு முடிந்துவிட்டது, அதற்கு முந்தின ஆண்டே சிங்கப்பூரும் மூடிவிட்டது. டோட் என்றால் என்ன என்று கேட்க இனி இங்கே ஆள் கிடைக்காது. அதனால் நீ கேட்டதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்தான்.

ஒன்று செய்வோமா? வியாழன் மதியம் புத்தகத்தின் பக்கங்களைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு. நாலு ஓட்டத்துக்கு நீ ஒரு நாய், நான் ஒரு நாய், காசில்லாமல் தாளில் எழுதி வைப்போம். அம்மாவும் சேர்ந்துகொள்கிறாளாம். எந்த ஓட்டமானாலும் அவளுக்கு இளஞ்சிவப்புச் சட்டைதானாம், இப்போதே சொல்லிவிட்டாள்.

அன்புடன்,
அப்பா