என் பேச்சைக் கேட்காதவர்களுக்கு நன்றி

அன்பான சபையாருக்கும், சபைக்கு வெளியிலிருந்து கை கொடுத்தவர்களுக்கும் வணக்கம்.

போன ஞாயிறு புதிய போதகர் பொறுப்பேற்றார். நன்றியுரை சொல்ல எனக்கு 5 நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். எழுந்து நின்றதும் தொண்டை அடைத்துக்கொண்டது. "எல்லாருக்கும் நன்றி" என்று ஒரே வரியில் முடித்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்கு வந்தபின் மனசு கேட்கவில்லை. யாருக்கு, எதற்கு என்று சொல்லாமல் போட்ட கும்பிடு அது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஓர் ஒப்புதல். பழைய போதகர் ஓய்வு பெற்றுப் போன மூன்றாம் மாதம், மூப்பர் கூட்டத்தில் நான்தான் சொன்னேன்: "நாம் மொத்தமே 38 பேர். ஞாயிறு ஆராதனையை மட்டும் வைத்துக்கொள்வோம். புதன் ஜெபக்கூட்டம், பாட்டுப் பயிற்சி, வீடு சந்திப்பு, மாதக் கடைசியில் சேர்ந்து சாப்பிடுவது, இதெல்லாம் போதகர் வந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம்." ரொம்பப் பொறுப்பாகப் பேசிவிட்டதாக எனக்கு உள்ளூரப் பெருமை வேறு. மற்ற 4 மூப்பர்களும் குறுக்கே பேசாமல் கேட்டார்கள். கடைசியில் மூத்தவர் வாயைத் திறந்தார். "சரி தம்பி, நீ சொன்னதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள். வர்ற புதன்கிழமை யார் ஜெபம் நடத்துறது?"

அவ்வளவுதான் விவாதம். அந்தப் புதன்கிழமை நடத்தியது நான்.

நம் சபை முறை தெரியாத நண்பர்களும் இதை வாசிப்பார்கள், அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பிரஸ்பிட்டேரியன் என்ற பெயரே, மூப்பர் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. எங்களுக்குப் பேராயர் கிடையாது. சபை தெரிந்தெடுத்த மூப்பர்களும் போதகரும் கூடி உட்கார்ந்து சபையை நடத்துகிறோம். போதகர் இல்லாமல் போனால், சுற்றுவட்டாரத்துச் சபைகளின் போதகர்களும் மூப்பர்களும் சேர்ந்த பிரஸ்பிட்டரி என்ற மன்றம், பக்கத்துச் சபைப் போதகர் ஒருவரை இடைக்காலத் தலைவராக நியமிக்கும். மூப்பர்கள் வேதம் வாசிக்கலாம், ஜெபிக்கலாம், எழுதி அனுப்பிய பிரசங்கத்தை வாசித்து ஆராதனையை நடத்தலாம். ஞானஸ்நானமும், இயேசுவின் நினைவாக அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்தும் மட்டும் முறையாக நியமனம் பெற்ற போதகர் கையால்தான். புதுப் போதகரை மேலிருந்து யாரும் அனுப்பியும் வைக்க மாட்டார்கள். தேடி, கேட்டு, சபை வாக்கெடுத்து, அழைப்பு கொடுத்து, அதைப் பிரஸ்பிட்டரி ஏற்றுக்கொள்ள வேண்டும். நமக்கு இதற்கு 14 மாதம் ஆயிற்று.

அந்த இடைக்காலத் தலைவருக்குத்தான் முதல் நன்றி. தன் சபையில் காலை ஆராதனையை முடித்துவிட்டு, அங்கியை மடித்துக் கையில் பிடித்தபடியே நம் வாசலில் வந்து இறங்குவார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவர் வந்தால்தான் நமக்குத் திருவிருந்து. "இப்படி இடைவெளி விழுகிறதே" என்று நான் வருத்தப்பட்டபோது சிரித்தார். வாரந்தோறும் திருவிருந்து வேண்டும் என்று, எங்கள் சபை மரபுக்கு முன்னோடியான சீர்திருத்தவாதி கால்வின் ஆசைப்பட்டாராம். 1541இல் ஜெனிவாவில் அவருக்குக் கிடைத்தது ஆண்டுக்கு 4 முறைதான். "அவருக்கே 4 தடவைதான் கிடைத்தது, எங்கள் கணக்கில் நீங்கள் ஒன்றும் குறைந்துபோகவில்லை" என்றார். அதன்பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அடுத்து, மூன்றாவது வரிசைப் பாட்டி. கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்த தம்பி மேற்படிப்புக்குப் போன முதல் ஞாயிறு உங்களுக்கு நினைவிருக்கும். பாட வேண்டிய சங்கீதத்தின் (வேதாகமத்தில் உள்ள துதிப்பாட்டு) எண்ணை அறிவித்துவிட்டு நான் நிற்கிறேன். யாரும் ஆரம்பிக்கவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறோம். யாரோ இருமினார்கள். அப்போது மூன்றாவது வரிசையிலிருந்து, மூக்குக்கண்ணாடியைக்கூடப் போடாமல், 81 வயதுப் பாட்டி அடியெடுத்துக் கொடுத்தார். ஒரு வரி அவர், அதே வரி நாம். மறுபடி ஒரு வரி அவர். எப்போதும் மிகத் தாழ்வாகவே ஆரம்பிப்பார் என்பதால் மூன்றாம் சரணம் வருவதற்குள் ஆண்கள் பக்கம் உறுமல்தான் கேட்கும். இருந்தாலும் எல்லார் வாயும் அசைந்தது. கீபோர்டு இருந்த காலத்தில் பாதிப் பேர் சும்மா நின்றுகொண்டிருந்தார்கள் என்பதை அன்றுதான் கவனித்தேன் (அதில் நானும் ஒருவன்).

பிறகு இடைக்காலத் தலைவர் சொல்லித்தான் தெரிந்தது, இது நம் முன்னோர் வழக்கம்தான் என்று. ஸ்காட்லாந்தின் பிரஸ்பிட்டேரியன் சபைகளில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை ஆராதனையில் இசைக்கருவிக்கே இடமில்லை. முன்னே நிற்கும் ஒருவர் வரிவரியாகச் சொல்லிக் கொடுக்க, சபை பாடும். பாட்டியிடம் இதைச் சொன்னேன். "அதெல்லாம் எனக்குத் தெரியாதுப்பா. அவ்வளவு நேரம் எல்லாரும் சும்மா நின்னது பொறுக்கல" என்றார்.

திருவிருந்துக் குவளைகளைக் கழுவிய இரண்டு அக்காமார்களுக்கு நன்றி சொல்வதில் எனக்குக் கொஞ்சம் கூச்சம் உண்டு. அவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசி 3 வருடம் ஆகியிருந்தது. எதனால் என்று சபைக்கே தெரியும், இங்கே வேண்டாம். கழுவும் முறைப் பட்டியலைப் போட்டவன் நான். கவனக்குறைவில் இருவர் பெயரையும் ஒரே நாளில் எழுதித் தொலைத்தேன். மாற்றுவதற்குள் இருவரும் பின்னறைக்குப் போய்விட்டார்கள். கதவு ஓரம் போய் நின்று பார்த்தேன். 40 குழி உள்ள தட்டு. கட்டைவிரல் உயரத்துக்குக் கண்ணாடிக் குவளைகள். ஒருவர் கழுவி வைக்கிறார், ஒருவர் துடைத்து அடுக்குகிறார். தண்ணீர் சத்தத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. இருபதோ இருபத்தைந்தோ ஆன பிறகு, துடைப்பவர் ஒரு குவளையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதுல அடியில கறை நிக்குது" என்றார். கழுவுபவர் அதை வாங்கித் திரும்பக் கழுவினார். "இப்போ?" "ம், இப்போ சரி."

3 வருடத்துக்குப் பின் அவர்கள் பேசிய முதல் வார்த்தைகள் அவைதான். என் புத்திசாலித்தனம் என்று சிலர் என்னைப் பாராட்டினார்கள். இப்போது உண்மையைச் சொல்லிவிட்டேன், பாராட்டைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். அதைவிட, தூக்கிப்போடும் பிளாஸ்டிக் குவளைகளை வாங்கிவிட்டால் கழுவும் வேலையே இல்லை என்று அதற்கு முந்தின கூட்டத்தில் பேசியவனும் நான்தான்.

வீடு சந்திப்பில் எனக்கு விழுந்தது 7 வீடு. பழைய ஸ்காட்லாந்துச் சபைகளில், தகுதியுள்ளவர் என்று மூப்பர்கள் கண்டவர்களுக்குத் திருவிருந்துக்கு முன் ஒரு சின்னக் காரீய வில்லையைக் கொடுப்பார்களாம். வில்லை இல்லாமல் பந்தியில் இடமில்லை. என் கையில் வில்லையும் இல்லை, ஒருவரிடம் போய் உட்கார்ந்து என்ன பேசுவது என்ற தெளிவும் இல்லை. என்னைக் காப்பாற்றியவர்கள் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள். அந்த வாரம் பாடிய சங்கீதத்தைப் பெரிய எழுத்தில் தாளில் எழுதி, ஓரத்தில் பூவோ மீனோ வரைந்து, "வர முடியாத தாத்தாவுக்குக் கொடுங்க" என்று என் கையில் திணித்துவிடுவார்கள். எழுத்துப்பிழை ஏராளம். படுக்கையிலேயே இருக்கும் அந்த ஐயா வீட்டுக்கு ஒருநாள் போனபோது, கட்டிலை ஒட்டிய சுவரில் 11 தாள்களை வரிசையாக ஒட்டியிருந்தார். கடைசித் தாளுக்குப் பக்கத்தில் அடுத்ததற்கும் இடம் விட்டிருந்தார். பிள்ளைகளே, உங்கள் பெயர்களை இங்கே போட முடியாது. ஆனால் அந்த மீன் யார் வரைந்தது என்று அவர் கேட்டார், சொல்லிவிட்டேன்.

மரவேலைக்காரருக்கு ஒரு தனி நன்றி. அவர் நம் சபையார் அல்ல, எந்தச் சபைக்கும் போகிறவரும் அல்ல. ஆடிக்கொண்டிருந்த 6 பெஞ்சுகளைச் சரிசெய்து கொடுத்துவிட்டுக் கூலி வாங்க மறுத்தார். புதன்கிழமைகளில் நாம் பாடுவது பட்டறைவரை கேட்கிறதாம். அதை ஒரு புகாராகச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. தினமும் விளக்கணைத்துப் பூட்டிய அண்ணன், கணக்கைப் பைசா சுத்தமாக எழுதிய அக்கா, பொறுப்பேற்பு ஆராதனைக்கு நாற்காலி கொடுத்த பக்கத்துச் சபையார், எல்லாருக்கும் நன்றி.

இந்த 14 மாதத்தில் 4 பேர் வேறு சபைக்குப் போனார்கள். வருத்தம் உண்டு, கோபம் இல்லை. அழைப்புக்கான வாக்கெடுப்பில் இரண்டு பேர் எதிர்த்து வாக்களித்தார்கள். யார் என்று அவர்களே எழுந்து சொன்னார்கள், காரணத்தையும் சொன்னார்கள். பொறுப்பேற்பு நாளன்று காலை 6 மணிக்கே வந்து நாற்காலி போட்டவர்களும் அதே இருவர்தான். அவர்களுக்கு நான் தனியே கடன்பட்டிருக்கிறேன்.

ஆதிச் சபையார் எவற்றில் உறுதியாய்த் தரித்திருந்தார்கள் என்று அப்போஸ்தலர் நடபடிகள் இரண்டாம் அதிகாரம் சொல்லும்போது, உபதேசத்துக்கு அடுத்தபடியாக அந்நியோந்நியம் என்ற சொல் வருகிறது. ஐக்கியம் என்று நாம் வழக்கமாகச் சொல்வதைத்தான் நம் பழைய தமிழ் வேதாகமம் அப்படிச் சொல்கிறது. ஊரில் அந்தச் சொல்லை நல்ல கணவன் மனைவியைப் பற்றித்தான் பேசுவார்கள். 38 பேரை வைத்துக்கொண்டு அதைச் சொல்வது கொஞ்சம் அதிகம் என்று முன்பு எனக்குத் தோன்றும்.

குறிப்பேட்டை நேற்று எடுத்துப் பார்த்தேன். நான் சொன்ன யோசனை என் கையெழுத்திலேயே இருக்கிறது. அதன்கீழ், "தீர்மானம் ஏதுமில்லை. புதன் ஜெபம்: செயலாளர்" என்றும் நானே எழுதியிருக்கிறேன். புதிய போதகர் தலைமையில் முதல் திருவிருந்து வரப்போகிறது. குவளை கழுவும் முறை அன்று என்னுடையது. துடைக்க ஒருவர் வேண்டும், பெயர் கொடுங்கள்.

அன்புடன்,
உங்கள் மூப்பர் மன்றச் செயலாளர்