பாதிக் காகிதம் ஏன் சும்மா கெடக்குன்னு கேட்டீங்கல்லப்பா

பாசல், சுவிட்சர்லாந்து, ஞாயித்துக்கிழமை ராத்திரி

அப்பா,

நல்லா இருக்கேன், சாப்பிட்டேன், ரசமும் அப்பளமும். இதை முதல்ல அம்மாகிட்ட சொல்லிடுங்க, இல்லன்னா மிச்சத்தை உங்களை நிம்மதியா படிக்க விடமாட்டாங்க.

போன வாரம் நான் அனுப்பின போஸ்டர் ஃபோட்டோவ பாத்துட்டு நீங்க ஒரே ஒரு கேள்விதான் கேட்டீங்க, "பாதிக் காகிதம் சும்மா கெடக்கே பாப்பா, பார்ட்டி காசு குடுக்கலையா"ன்னு. சிரிச்சுட்டேன், ஆனா உள்ளுக்குள்ள கொஞ்சம் சுருக்குன்னு இருந்துச்சு. ஃபோன்ல பதில் சொல்ல ஆரம்பிச்சா நீங்க பாதியில "இரு அம்மாகிட்ட குடுக்கேன்"னு நழுவிடுவீங்க, அதான் உக்காந்து டைப் பண்றேன்.

உங்ககிட்ட சொல்லாத விஷயம் ஒண்ணு இருக்கு. சென்னையில காலேஜ் படிக்கிறப்ப எந்த ஊருன்னு கேட்டா விருதுநகர் பக்கம்னுதான் சொல்வேன். சிவகாசின்னா உடனே "ஓ, சாமி காலண்டரா"ன்னு ஒரு சிரிப்பு சிரிப்பாங்க, டிசைன் படிக்க வந்த புள்ளைக்கு அது பெரிய அவமானமா தெரிஞ்சுச்சு. இங்க வந்த முதல் வாரம் கிளாஸ்ல, உங்க கண்ணை வளர்த்த படம் ஏதாவது ஒண்ணு கொண்டு வாங்கன்னு சொன்னாங்க. மத்த பசங்க எல்லாம் மியூசியம் புத்தகம், பழைய ரெக்கார்டு அட்டைன்னு தூக்கிட்டு வந்தாங்க, நான் ரூம்ல பொட்டியைத் தொறந்து வச்சுக்கிட்டு முழிச்சேன், அப்பதான் அம்மா ஊறுகாய் டப்பாவைச் சுத்தி அனுப்பின காகிதம் கண்ணுல பட்டுச்சு. உங்க அச்சாபீஸ் வேஸ்ட் ஷீட். மெஷின் செட் பண்றப்ப திரும்பத் திரும்ப ஓட்டுவீங்கல்ல, அது. முருகன் மூஞ்சி மேல பட்டாசு லேபிள், அது மேல உர விளம்பரம், ஓரத்துல யாரோ ஒரு மாப்பிள்ளை பேரு தலைகீழா. எண்ணெய்க் கறையோட அதையே கொண்டு போயிட்டேன். டீச்சர் அந்த ஷீட்டை ஜன்னல் பக்கம் கொண்டு போய் ரொம்ப நேரம் பாத்தாங்க. யாரு பண்ணினதுன்னு கேட்டாங்க, யாரும் பண்ணல, இங்க் சரியா வர்ற வரைக்கும் ஓட்டுற காகிதம், எங்க அப்பா மெஷின்மேன்னு சொன்னேன். அங்க கிளாஸ்ல சத்தமா ஊர் பேரையும் சொன்னேன்.

இந்த ஊர்ல அர்மின் ஹோஃப்மன்னு ஒரு டிசைன் மாஸ்டர் இருந்தாரு, 1947லேர்ந்து கிட்டத்தட்ட நாப்பது வருஷம் இங்க பாடம் எடுத்தவர், 2020ல நூறு வயசுல காலமானார். 1959ல 'ஜிசெல்'ன்னு ஒரு பாலே டான்ஸுக்கு அவர் பண்ணின போஸ்டர்தான் நான் இங்க வர்றதுக்கே காரணம். முழுக்க கருப்பு வெள்ளை. ஒரு பொண்ணு சுத்திட்டு இருக்கா, உருவம் கலங்கித் தெரியுது, பக்கத்துல அந்தப் பேரு மட்டும் நெட்டுக்குத்தா கம்பம் நட்ட மாதிரி ஆடாம நிக்குது. கலங்கினதும் நிக்கிறதும் பக்கத்துல பக்கத்துல இருக்கவே அவ சுத்துறது தெரியுது. அவர் 1965ல அகமதாபாத் என்.ஐ.டி. டிசைன் காலேஜுக்கு வந்து பாடம் எடுத்திருக்காரு, யாராவது அப்படியே சிவகாசிக்கும் ஒரு நடை கூட்டிட்டு வந்திருக்கலாம்.

அவர் பாடப் புத்தகம் புள்ளியிலதான் ஆரம்பிக்குது. ஒரு புள்ளி, அதை எங்க வைக்கிற, எவ்வளவு பெருசா வைக்கிற. (புள்ளின்னதும் அம்மா கோலம்னு சொல்லுவாங்க, இங்க வர்ற தமிழ்ப் பொண்ணுங்க எல்லாரும் கோலத்தைத்தான் சொல்றோம், டீச்சருக்கே போரடிச்சிருக்கும்.) எனக்கு ஞாபகம் வந்தது உங்க லென்ஸ். எட்டு வயசுல, காலண்டர் சாமி படம் வரைஞ்ச கொண்டைய ராஜு படத்துல லட்சுமி கன்னத்து மேல அதை வச்சு பாக்கச் சொன்னீங்க, கன்னமே இல்ல, ரோஸ் புள்ளியும் மஞ்சப் புள்ளியும்தான் இருந்துச்சு. அன்னிக்கு பயந்து அழுதேன்னு அம்மா இன்னும் சொல்லிக் காட்டுவாங்க.

சரி, உங்க கேள்விக்கு வாரேன். இங்க தெருவுல ஒட்டுற போஸ்டர் பெரும்பாலும் ஒரே சைஸ், 90.5க்கு 128 சென்டிமீட்டர், வரிசையா நிக்கும். டிராம்ல போறவன் ரெண்டு செகண்ட் பாப்பான், அவ்வளவுதான். பத்து பேர் ஒரே நேரத்துல கத்துற இடத்துல சும்மா நிக்கிறவனைத்தான் திரும்பிப் பாப்போம்ல, அதுக்குத்தான் அந்த வெள்ளை. நம்ம காலண்டர் அப்படியா? ஒரு வருஷம் முழுக்க வீட்டுச் செவுத்துல ஒரே ஆணியில தொங்கணும், தெனம் காலையில தேதி கிழிக்கிறப்ப கண்ணு அதுல விழுந்தே ஆகணும், வெள்ளையா விட்டா மாசி மாசத்துக்குள்ள சலிச்சுடும். அதனாலதான் மயில் தோகையில இத்தனை கண்ணு, பின்னாடி கோபுரம், அதுக்குப் பின்னாடி மலை. இத்தனை வருஷம் அதைக் கேலி பண்ணினேன், இப்பதான் அது எதுக்குன்னு புரியுது.

அப்புறம் நீங்களும் வெத்து இடம் விடுறவங்கதான்ப்பா. பார்ட்டிக்குக் காட்டுற சாம்பிள் ஆல்பத்துல ஒவ்வொரு காலண்டர்லயும் கடை பேரு போட ஒரு பட்டை வெறுமையா விடுவீங்கல்ல, அந்தப் பட்டைக்காகத்தானே பார்ட்டி மொத்தக் காசும் குடுக்கான்.

இங்க எல்லாமே வெள்ளைன்னும் நெனச்சுடாதீங்க. பிப்ரவரி மார்ச் வாக்குல ஃபாஸ்நாக்ட்னு திருவிழா, திங்கக்கிழமை காலையில நாலு மணிக்கு ஊரு லைட்டை எல்லாம் அணைச்சுடுவாங்க, கும்மிருட்டுல மேளமும் குழலுமா, ஆளுயரத்துக்கு மேல பெயின்ட் பண்ணின விளக்குக் கூண்டுகளைத் தூக்கிட்டு வருவாங்க. குளிர்ல மூக்கு எரியுது, எனக்கு பத்ரகாளியம்மன் பொங்கல் ஞாபகம் வந்து கண்ணு கலங்கிடுச்சு. கலர்க் காகிதப் பொடி தலையில கொட்டுவாங்க, ஒரு பையில ஒரே கலர்தான் இருக்கணும். கலந்து இருந்தா கீழேர்ந்து அள்ளினதுன்னு அர்த்தம், மானக்கேடு. அந்த ரூல் எனக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. இப்ப வெயில் காலம், ஆபீஸ் முடிஞ்சு துணியை மீன் ஷேப்ல ஒரு பையில கட்டிக்கிட்டு ரைன் ஆத்துல மிதந்துட்டுப் போறாங்க, நான் இன்னும் கரையிலதான் நிக்கேன், அம்மா பயப்பட வேண்டாம்.

ஹெல்வெடிகாங்கிற இங்கிலீஷ் அச்செழுத்து 1957ல பொறந்தது பக்கத்துல முன்ஷென்ஸ்டைன்லதான், பத்தாம் நம்பர் டிராம்ல ஆசையா போனேன், பாக்குற மாதிரி ஒண்ணும் சிக்கல, ஒரு ரொட்டி தின்னுட்டுத் திரும்பிட்டேன்.

இங்க ஒரு யாழ்ப்பாணத்து அக்கா கடை வச்சிருக்காங்க, கறிவேப்பிலைக்கு அங்கதான் போவேன். கடைக்கு ஒரு நோட்டீஸ் பண்ணித் தரச் சொன்னாங்க, நானும் ரெண்டு நாள் உக்காந்து மேல பேரு, கீழ ஒரே ஒரு முருங்கைக்காய், நடுவுல வெள்ளைன்னு பண்ணிக் குடுத்தேன். கண்ணாடியை மாட்டிப் பாத்துட்டு, "இதென்ன பிள்ளை, இஞ்ச முழுக்க வெறுமையாக் கிடக்குது, ஒரு பிள்ளையாரையாவது போட்டு விடுமன்"னாங்க. உங்க குரல் அப்படியே கேட்டுச்சு. பிள்ளையாரைப் போட்டேன். நோட்டீஸ் நல்லாத்தான் இருக்கு, என்னத்த சொல்ல.

ஆடி பதினெட்டு வருது, ஆல்பம் வேலை தலைக்கு மேல இருக்கும்னு தெரியும். ஆனாலும் ஒண்ணு கேக்கேன். வேஸ்ட் ஷீட்டை எடைக்குப் போட்டுடாதீங்க. நாலஞ்சு தடவை ஓட்டினதா பாத்து முப்பது ஷீட் எடுத்து வைங்க, ஓரம் வெட்ட வேண்டாம், மெஷின் காகிதத்தைக் கவ்வுற கிரிப்பர் தடம் அப்படியே இருக்கட்டும், மடிக்காம உருட்டி பிவிசி பைப்ல போட்டு அனுப்புங்க. என் ஃபைனல் பிராஜெக்ட் அதுலதான். அதுல உங்க பேரைப் போடணும், இனிஷியலோட எப்படி எழுதணும்னு அம்மாவை மெசேஜ் பண்ணச் சொல்லுங்க, நீங்க வேண்டாம்னுதான் சொல்வீங்க.

பைப்ல இடம் இருந்தா அந்த அக்கா கடைக்கு ஒரு முருகன் படமும். தேதி கிழிக்கிற கேக் வேண்டாம், வெயிட் ஜாஸ்தி, படம் மட்டும் போதும்.

உங்க பாப்பா