அட்டவணையை மூடு, சீட்டுக்கட்டைப் பிரி

அன்புள்ள சீனு,

மூன்று கடிதத்துக்குப் பதில் போடாதவனுக்கு நீ கொடுத்த அர்ச்சனை வந்து சேர்ந்தது. நியாயம்தான். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்ததில் சந்தோஷம். இப்போது வேற்றுப் பண்பாட்டினரோடு பழகக் கற்றுக்கொடுக்கும் உன் பாடத்திட்டத்துக்கு வருகிறேன். பார்த்ததிலிருந்து கை அரிக்கிறது.

பதினைந்து வகுப்பில் ஒன்பதை, நாடுகளின் பண்பாட்டுக்கு மார்க் போடும் ஹாஃப்ஸ்டெட் அட்டவணைக்குத் தூக்கிக் கொடுத்திருக்கிறாயே, மகராசா! 1967 முதல் 1973 வரை ஐபிஎம் ஊழியர்களிடம் எடுத்த கணிப்பு அது. அதில் இருப்பது நாட்டின் சராசரி. ஜப்பானுக்கு இத்தனை மார்க் என்று உருப்போட்ட பிள்ளை, எதிரே உட்கார்ந்திருக்கும் ஜப்பானியரைப் பார்க்காது. மனசுக்குள் அட்டவணையைத்தான் புரட்டும். ஒரு வகுப்பு போதும் அதற்கு.

மிச்சத்தில் பார்ங்கா ஆடவிடு. சென்னையில் பிறந்த சிவசைலம் தியாகராஜன் 1980இல் உருவாக்கிய சீட்டாட்டம். மேஜைக்கு நாலைந்து பேர். ஏஸ் முதல் ஏழு வரை மொத்தம் 28 சீட்டு (நீ விடிய விடிய ஆடின இருபத்தெட்டு இல்லை). விதித்தாளைப் படித்து ஆடிப் பார்க்க ஐந்து நிமிடம். பிறகு தாளைப் பிடுங்கிவிடு. அதன்பின் பேச்சும் இல்லை, எழுத்தும் இல்லை. சைகையும் படமும் மட்டும். சுற்று முடிந்தால் அதிகப் பிடி (ஒரு தடவை இறங்கிய சீட்டையெல்லாம் வென்று அள்ளுவது) எடுத்தவர் மேல் மேஜைக்கு, தோற்றவர் கீழ் மேஜைக்கு.

சூட்சுமம் தாளில் இருக்கிறது. ஒரு மேஜைக்கு ஏஸ் பெரியது, அடுத்ததற்குச் சின்னது. ஒன்றில் டைமண்ட் துருப்பு (மற்ற இனங்களை வெட்டும் சீட்டு), இன்னொன்றில் துருப்பே கிடையாது. பிள்ளைகளுக்கு இது தெரியாது. இரண்டாம் சுற்றில் கைகளைக் கவனி: ஏஸைப் போட்டவன் பிடியை வழிக்கப் போவான், குறுக்கே இன்னொரு கை வந்து சீட்டை அமுக்கும். 'ஏமாத்துறான்' என்று இரண்டு முகத்திலும் எழுதியிருக்கும்.

ஒரே ஒரு தாளைத் திரும்ப வாங்க மறந்தாலும் ஆட்டம் செத்தது. அதைவிடப் பெரிய தப்பு, ஆட்டம் களைகட்டுகிறதே என்று நேரத்தை முழுங்கவிடுவது. நாற்பது நிமிடம் ஆடினால் பேசவும் நாற்பது வேண்டும். 'விதி வேறவேற' என்று நீயே போட்டு உடைக்காதே. முதலில் கண்ணால் கண்டதை மட்டும் சொல்லச் சொல், பிறகு அப்போது நினைத்ததை. விதி மாறியிருக்கிறது என்று ஊகித்த பின்னும் தன் விதிப்படியே சீட்டை அள்ளினவன் ஒருத்தனாவது இருப்பான். அவனைத்தான் நிறையப் பேசவிட வேண்டும். தெரிந்துகொள்வது வேறு, நடந்துகொள்வது வேறு, சீனு. சூன் ஆங், கிறிஸ்டோபர் ஏர்லி என்ற இரண்டு ஆய்வாளர்கள் பண்பாட்டு நுண்ணறிவு என்று சொன்னதில் அறிவு ஒரு கூறுதான். தன் எண்ணத்தைத் தானே கவனிப்பதும், விருப்பமும், நடத்தையும் அதில் உண்டு. அதை அளக்கும் 20 கேள்வி அளவுகோலைக் கடைசியில் கொடுக்கும்போது மார்க் இறங்கினால் பதறாதே. ஆரம்பத்தில் தனக்குத் தானே தாராளமாகப் போட்டுக்கொண்டது அது.

ஜெர்மன் கல்லூரியோடு சேர்ந்து செய்யும் எட்டு வாரக் குழுவேலை நல்ல யோசனை. ஆனால் குளிர்காலத்தில் 4½ மணி வித்தியாசம், மார்ச் கடைசி ஞாயிறிலிருந்து 3½. யாரும் சொல்லாவிட்டால் அந்த வாரக் கூட்டத்துக்குப் பாதிப் பேர் வரமாட்டார்கள். தேதியில் மாதத்தை எழுத்தில் போடச் சொல். நம் பிள்ளைகள் 'பார்க்கலாம்' என்ற அர்த்தத்தில் தலையாட்டுவார்கள். அங்கே அதைச் சம்மதம் என்று குறித்துக்கொள்வார்கள். யார், எதை, எந்தத் தேதிக்குள் என்று முதல் வாரமே எழுதி வாங்கு.

ஆறு கட்டு வாங்கி வை. ஜோக்கரை முன்னாலேயே எடுத்துவிடு.

உன்
பாலு