கண்ணனையும் கூட்டிக்கொண்டு வா

அன்புள்ள சங்கர்,

இங்கே எல்லோரும் நலம். மாமாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாகச் செல்வி அக்கா சொன்னாள், சந்தோஷம். மற்றச் செய்தியெல்லாம் போனில் பேசிக்கொள்ளலாம். இது போனில் பேசித் தீராது என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன் சித்தப்பா வீட்டுக் கல்யாணத்தில் நடந்ததை நீ சொன்னதிலிருந்து மனசு ஆறவில்லை. குடும்பப் போட்டோ எடுக்கும்போது உன் தம்பி கண்ணனைக் கொஞ்சம் கீழே உட்கார வைக்கச் சொன்னார்களாம். அம்மா ஒரு வார்த்தை பேசாமல் அவன் கையைப் பிடித்துக்கொண்டு மேடையை விட்டு இறங்கிவிட்டார்களாம். அன்றைக்கே பதில் எழுதியிருந்தால் நம் ஹாஸ்டல் பாஷைதான் வந்திருக்கும். கொஞ்சம் பொறு, அந்த விஷயத்துக்குத்தான் வருகிறேன்.

இங்கே அயர்லாந்தில் எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் பழங்காலக் கல் பார்க்கப் போவது என்றாகிவிட்டது. புளிசாதத்தைக் கட்டிக்கொண்டு காலையில் டப்ளினை விட்டுக் கிளம்பினால் இருட்டுவதற்குள் வீடு திரும்பலாம். ஈரக் காலுறையோடு காரில் ஏறக்கூடாது என்பது மட்டும் சுதாவின் சட்டம். பெருமாள் சார் நம்மை மல்லசந்திரம் மலைக்குக் கூட்டிப்போய்ச் செத்தவர்களுக்காகக் கல்லை நிறுத்திக் கட்டிய கல்திட்டைகளைக் காட்டினாரே, அங்கே நீ நிழல் பார்த்துத் தூங்கினாய். இங்கே வந்தால் தூங்க விடமாட்டேன்.

சிவில் எஞ்சினீயரே, இதைக் கேள். மீத் கவுண்டியில் நியூகிரேஞ்ச் என்று ஒரு கல்லறை மேடு. கி.மு. 3200 வாக்கில் கட்டியது, கீசா பிரமிடுகளுக்கும் முந்தியது. உள்ளே 19 மீட்டர் நீளத்துக்குக் குறுகலான கல் நடை, சில இடத்தில் உடம்பைப் பக்கவாட்டில் திருப்பித்தான் நுழைய வேண்டும். முடிவில் ஓர் அறை. பலகைக் கற்களை ஒன்றின்மேல் ஒன்றாகக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளி அடுக்கி, உச்சியை ஒரே கல்லால் மூடியிருக்கிறார்கள். சாந்து எதுவும் கிடையாது. நடையின் கூரைக் கற்களுக்கு மேல்புறம் மழைத்தண்ணீர் வழிந்தோடக் காடி வெட்டி, இடுக்குகளில் சுட்ட மண்ணையும் கடல் மணலையும் வைத்து அடைத்திருக்கிறார்கள். அயர்லாந்து மழையில் 5000 வருஷமாக அந்த அறை ஒழுகவில்லை. நீ போட்டுக் கொடுத்த மொட்டைமாடியைப் பற்றி எங்கள் அம்மா இன்னும் ஒவ்வோர் ஐப்பசிக்கும் உன்னைத்தான் விசாரிக்கிறார்கள்.

டிசம்பர் 21ஐ ஒட்டிய சில நாட்களில், சூரியன் உதித்ததும் வாசலுக்கு மேலே விட்டிருக்கும் சின்னத் திறப்பு வழியாக வெயில் நடை முழுக்க ஊர்ந்து அறைக்குள் வருகிறது. 17 நிமிஷம் இருக்கும், அப்புறம் போய்விடும். அகழாய்வு செய்த மைக்கேல் ஓகெல்லி 1967 டிசம்பரில் உள்ளே காத்திருந்து இதைப் பார்த்தார். மற்ற நாட்களில் போகிறவர்களுக்கு விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, அதே பாதையில் ஒரு மின்விளக்கு வெளிச்சத்தை விட்டுக் காட்டுகிறார்கள். எனக்கு அதற்கே தொண்டை அடைத்தது. முகப்பில் பளபளவென்று நிற்கும் வெள்ளைப் படிகக்கல் சுவர்தான் எனக்கு ஒட்டவில்லை. அது அகழாய்வுக்குப் பிறகு எடுத்து நிறுத்தியது. அந்தக் காலத்திலும் அப்படி நின்றதா என்று அறிஞர்களே ஒத்துப்போகவில்லை. அதைவிட, அதே மீத் கவுண்டியில் குன்றுகள்மேல் இருக்கும் லாக்குரூ எனக்குப் பிடிக்கும். கிழவி ஒருத்தி முந்தானை நிறையக் கல்லை அள்ளிக்கொண்டு குன்றுக்குக் குன்று தாவினாளாம், சிந்திய கல்லெல்லாம் கல்லறை மேடாயிற்றாம். ஆட்டுப் புழுக்கைக்கு நடுவே மூச்சு வாங்க ஏறினால், மேலே காற்றும் நாமும்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்த மே மாதம் கிளேர் கவுண்டியில் பர்ரன் என்ற பகுதிக்குப் போனோம். கண்ணுக்கு எட்டிய தூரம் வெறும் சாம்பல் நிறச் சுண்ணாம்புப் பாறை. பாறை வெடிப்புகளில் கையை விட்டால் முழங்கை வரை போகிறது, அதற்குள்ளே பெரணி, ஓரங்களில் சின்னச் சின்ன நீலப் பூ. அந்தப் பாறைவெளி நடுவே போல்னபுரோன் என்ற கல்திட்டை நிற்கிறது. நிமிர்ந்த கற்கள்மேல் மெல்லிய ஒரு பலகைக்கல், ஒருபக்கம் தூக்கலாக. வாசல் கல் ஒன்றில் விரிசல் கண்டு மாற்றவேண்டி வந்தபோது, 1986இல் ஆன் லிஞ்ச் என்ற அகழாய்வாளர் அடியில் தோண்டினார். முப்பதுக்கு மேற்பட்டவர்களின் எலும்புகள் கிடைத்தன. இடுப்பெலும்பில் கல் அம்புமுனை தைத்தபடி இருந்த ஓர் ஆளும் அதில் உண்டு.

அந்த எலும்புகளில் ஓர் ஆண் குழந்தையும் இருந்தான் சங்கர். ஆறு மாதம் இருக்கும். டிரினிட்டி கல்லூரிக்காரர்கள் அவன் மரபணுவைப் படித்து 2020இல் வெளியிட்டார்கள். அவனுக்கு 21ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்று, அதாவது டவுன் சிண்ட்ரோம். நம் கண்ணனைப் போல.

இங்கே செய்தி வந்தபோது எல்லோரும் அதே ஆய்வில் இருந்த, நியூகிரேஞ்சில் எலும்பு கிடைத்த ஓர் ஆளைப் பற்றியே பேசினார்கள். நெருங்கிய ரத்த உறவில் பிறந்தவன், அரச குலமாக இருக்கலாம் என்று. எனக்கு அந்த ராஜா வேண்டாம். இந்தப் பிள்ளையைப் பற்றித்தான் தேடித் தேடிப் படித்தேன். அவன் எலும்பின் வேதியியல் தாய்ப்பால் குடித்து வளர்ந்த குழந்தைக்குரியதாக இருக்கிறது. இன்னொன்றையும் யோசித்துப் பார். அந்தக் கல்லறை நூற்றாண்டுக் கணக்கில் புழக்கத்தில் இருந்தது. அத்தனை காலத்துக்கும் சேர்த்துக் கிடைத்தது இவ்வளவு பேர்தான். ஊரில் செத்தவர்கள் எல்லோருக்கும் அங்கே இடமில்லை. 5500 வருஷத்துக்கு முன்னால், இரும்பு இல்லாத, எழுத்து இல்லாத சனங்கள், ஊரே கூடித் தூக்கி நிறுத்திய கல்லுக்கு அடியில் அந்தப் பிள்ளைக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். உன் சித்தப்பா வீட்டு மேடையில் கண்ணனுக்கு இடமில்லையாம்!

கயிறு கட்டியிருக்கிறார்கள், கல்லைத் தொட முடியாது. வெளியே நின்று சுதாவிடம் சொல்லிக்கொண்டே வந்தவன் பாதியில் பேசமுடியாமல் நின்றுவிட்டேன். நாம் பத்தாவது படிக்கும்போது கண்ணனுக்கு அம்மா இட்லியைப் பிட்டுப் பிட்டு, ஒவ்வொரு வாய்க்கும் 'மெல்லு, மெல்லு' என்று சொல்லி ஊட்டுவார்களே, அதுதான் கண்முன் வந்தது.

இதை அம்மாவிடம் நீயே சொல். ஆய்வு, குரோமோசோம் எல்லாம் வேண்டாம், பிள்ளை கதையை மட்டும் சொல். உனக்கும் ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. அன்றைக்கு அம்மா இறங்கினபோது நீயும் கூடவே இறங்கியிருக்க வேண்டும். பெண்ணின் அண்ணன் முறை, சபை மரியாதை என்று நீ அடுக்கும் காரணம் எதுவும் எனக்குச் சரியாகப் படவில்லை.

செப்டம்பரில் வருவதாகச் சொன்னாயே, கண்ணனையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா. விசாவுக்கு வேண்டிய அழைப்புக் கடிதம் நான் அனுப்புகிறேன். போல்னபுரோனுக்குக் கட்டணம் கிடையாது, கார் நிறுத்தும் இடத்திலிருந்து கிட்டத்தில்தான். பாறை மட்டும் மேடுபள்ளம், அவனுக்குக் கணுக்கால் வரை மூடுகிற நல்ல ஷூவாக வாங்கு. நியூகிரேஞ்சுக்கு முன்பதிவு செய்யாமல் போனால் இடம் கிடைக்காது, டிக்கெட் போட்ட உடனே தேதியைச் சொல். அப்புறம், குடும்பப் போட்டோவை இங்கே நான் எடுத்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
மணி